அடித்த கோலும் தவறிய உதையும்

விளையாட்டு வீரரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். அவர் பெற்ற வெற்றிகளை எண்ணி அடுக்கிவிட்டு எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். அன்றேல், கிண்ணம் கைக்கு எட்டாத காரணத்தால் அவரை மறந்தே விடுகின்றனர். யூபிலி மலர்களும் இவ்வழக்கத்துக்குப் புறம்பானவை அல்ல. பழைய ஆட்டக்காரர் எவரைப் பற்றிய குறிப்பைப் படித்தாலும், அவர் ஒருநாளாவது பந்தைத் தவறவிட்டார் என்றோ, எதிரணியாரைச் சினந்து தாக்கினார் என்றோ ஒரு வரி காண்பதரிது. இம்முறை நன்றன்று என்பது எமது துணிபு. அதனை விளக்குதற்கு உள்ளூர் உதாரணம் காட்டின் மனத்தாங்கல் விளையும். எம்மவர் பலர் குடியேறி வாழும் மெல்பேண், சிட்னி நகரங்களிலோ குளிர்காலம் வந்ததும் வீட்டுக்கு வீடு பேசப்படும் ஆட்டம் ஒன்றுண்டு. ஆதலின் அவ்வாட்டத்தில், அஃதாவது அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில், எவரும் எட்டாத எண்ணிக்கையிற் கோல்கள் அடித்து ஓய்ந்த ரொனி லொக்கெற் என்பாரை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

ஆட்டத்தை அறியாத மாணவர் பொருட்டுச் சில சொல்லவேண்டும். கிறிக்கெற் வீரர் குளிர்காலத்தில் உடல் தளராதிருத்தற்கு ஓர் ஆட்டம் வேண்டுமென 1858இல் ரொம் வில்ஸ் என்பார் மெல்பேண் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு மே மாதத்தில் மெல்பேண் கழகத்தார் விதிகளை வகுத்தனர். கிறிக்கெற் மைதானங்களே இதற்கும் களமாதலின், களம் நீள்வட்டமானது, பந்தும் அவ்வடிவினதே. பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம். கையால் அனுப்புவதெனின் எறிதல் கூடாது, ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியாற் குத்துதல் வேண்டும். 15 மீற்றருக்குக் குறையாது பறந்துவரும் உதையை நிலத்தில் விழாமற் பிடித்தவருக்கு, எவரும் இடையூறு செய்யாவண்ணம் நின்று நிதானித்து உதைக்கும் உரிமை உண்டு. ஆகவே உயர எழுந்து பந்தைப் பிடித்தல் இவ்வாட்டத்திற் பாதி.

களத்தின் இரு தலைப்பிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். குறுக்குச் சட்டமும் இல்லை, கோல் காப்போனும் இல்லை. நடுவிலுள்ள உயர்ந்த கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்து சென்றால் கோல். அதற்கு 6 புள்ளி. உயர்ந்த கம்பத்துக்கும் புறத்தேயுள்ள குட்டைக் கம்பத்துக்கும் இடையே சென்றால் 1 புள்ளி. குறி சற்றே தவறியவனையும் வெறுங்கையோடு அனுப்பாத இவ்விதி எமக்கு மிகவும் உவப்பானது. அதனினும் உவப்பானது அவர்கள் எண்ணிக்கை எழுதும் முறை. 10 கோலும் 10 ஒற்றைப் புள்ளியும் எனின் 10.10 (70) என எழுதுவர். அடித்ததும் தவறியதும் மொத்தமும் ஒரே வரியில் அருகருகே நிற்கும். தவறியதை மறைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் வழக்கம் அங்கில்லை. லொக்கெற்றின் ஆட்ட வாழ்வையும் இவ்வாறே எழுதவேண்டும் என்பது எம் வாதம்.

முதலில் அடித்தவற்றைப் பார்ப்போம். 1966இல் விக்டோரியா மாநிலத்துப் பலாரற் நகரிற் பிறந்த இவர், 1983இல் சென்ற் கில்டா கழகத்துக்காகப் பெரும்போட்டியில் இறங்கினார். 'பிளக்கர்' எனும் பட்டப்பெயர் தந்தையாரிடமிருந்து வந்தது. ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் 100 கிலோவை விஞ்சிய பாரமும் கொண்ட உடல். அவ்வுடலுக்குச் சற்றும் பொருந்தாத விரைவு. கோல் முகப்பில் நிற்பார். துணைவர் பந்தை உயர்த்தி அனுப்பும் கணத்தில், காவலனைத் தோளால் ஒதுக்கி முன்பாய்ந்து பிடிப்பார். சில அடி பின்வாங்கி, அலங்காரம் ஏதுமின்றி நேரே ஓடி உதைப்பார். சென்ற் கில்டாவில் 183 ஆட்டங்களில் 898 கோல். பின்னர் சிட்னியில் 98 ஆட்டங்களில் 462. ஆக 281 ஆட்டங்களில் 1360 கோல்கள். ஒரே பருவத்தில் 100 கோலுக்கு மேல் அடித்தது ஆறு முறை. 1992இல் அடித்தவை 132. 1995இல் பிற்ஸ்ரோய் கழகத்துக்கெதிரான ஒரே ஆட்டத்தில் 16.

இவ்வெண்களைக் கேட்டு வியப்போர், அவற்றை அவர் எத்தகைய அணியில் நின்று அடித்தார் என்பதையும் நோக்கவேண்டும். கோல் அடிப்பவன் தன் கையாற் பந்தைக் கொண்டு வருவதில்லை. நடுக்களத்தார் உழைத்து அனுப்பினாலன்றி அவனுக்கு வேலையே இல்லை. வலிய அணியில் நிற்பவனுக்கு ஒருநாளில் இருபது முறை பந்து வரும். மெலிந்த அணியில் நிற்பவனுக்குப் பத்தும் வாரா. லொக்கெற் சேர்ந்த 1983 முதல் 1986 வரையான நான்கு ஆண்டுகளிலும் சென்ற் கில்டா கடைசி இடத்தையே பெற்றது, 1988இலும் அதுவே. இடைப்பட்ட 1987இல் இவர் 117 கோல் அடித்து, சிறந்த ஆட்டக்காரருக்கான பிறவுன்லோ பதக்கத்தை ஹோதோண் கழகத்து ஜோன் பிளற்றனோடு பகிர்ந்து பெற்றார். நடுவர்கள் வாக்களித்து வழங்கும் அப்பதக்கம் இயல்பாகவே அவர் கண்ணில் எப்போதும் படும் நடுக்களத்தாரைச் சேர்வது. கோல் முகப்பிலேயே நிற்கும் ஒருவர், அதுவும் தோற்கும் அணியினர், அதனைப் பெற்றமை பெரிது. 1360 எனும் எண்ணைக் காட்டிலும் இதனையே யாம் மேலாக மதிப்போம்.

இனித் தவறியவை. கம்பத்துக்கு வெளியே சென்ற உதைகளை யாம் கருதவில்லை. அவை ஏட்டில் உள்ளன. களத்தில் இவர் கை பிறர்மேல் விழுந்த நாள்களைக் கருதுகின்றோம். தடை விதிக்கப்பட்டு ஆடாது இருந்த வாரங்கள் இவர் வாழ்விற் சிலவல்ல. அவற்றுள் யாவரும் அறிந்தது 1994இல் சிட்னியில் நிகழ்ந்தது. அன்று சென்ற் கில்டா 50க்கு மேற்பட்ட புள்ளிகளாற் பின்தங்கி நின்று, ஈற்றில் ஒரேயொரு புள்ளியால் வென்றது. லொக்கெற் அடித்தவை 11 கோல்கள். ஒருவர் தன் அணியைக் கைப்பிடித்துக் கரையேற்றிய நாள் எனச் சொல்லத்தக்க நாள். அதே நாளில், பந்தை நோக்கிப் பின்வாங்கி வந்த பீற்றர் கேவன் எனும் சிட்னிக் காவலர்மேல் இவர் முழுப் பாரத்தோடும் மோதினார். முழங்கை முகத்திற் பட்டு மூக்கு நொருங்கியது. விசாரணை மன்று எட்டு ஆட்டங்களுக்குத் தடை விதித்தது.

பதினொரு கோலும் உடைந்த மூக்கும் ஒரே பிற்பகலின் இரு பக்கங்கள். பாராட்டுரை எழுதுவோர் முன்னதை வைத்துப் பின்னதை விடுகின்றனர்; கண்டனம் எழுதுவோர் பின்னதை வைத்து முன்னதை விடுகின்றனர். 'ஆடுகளத்தில் நிகழ்ந்தது ஆடுகளத்தோடு போகட்டும்' என்பாரும் உளர். அவ்வாறு போவதில்லை. கேவனின் முகம் களத்தை விட்டு அவரோடேயே வீடு சென்றது. 'அக்காலத்து ஆட்டம் அத்தகையது, எல்லோரும் அடித்தனர்' எனும் வாதமும் உண்டு. இதிற் சிறிது உண்மை இல்லாமல் இல்லை; எனினும், அக்காலத்து விதியே இவருக்கு எட்டு ஆட்டத் தடை விதித்தது என்பதை இவ்வாதத்தார் மறந்துவிடுகின்றனர். கோல் அடிக்கும் கால் உடையான் எனும் ஒரே காரணத்துக்காக மாணவனொருவனின் முழங்கையைக் காணாதது போலிருக்கும் வழக்கம், இல்லப் போட்டிகளிலும் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்களிலும் இல்லை என எவரேனும் கூறத் துணிவாரோ? அம்மாணவன் பின்னாளில் மலரில் இடம்பெறும்போது அம்முழங்கை மறைந்துவிடுகின்றது. அவனால் அடியுண்டவனும் இதே மலரைப் படிப்பான் என்பதை நாம் நினைப்பதில்லை.

ஆயினும் தடை என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் கூறுதல் வேண்டும். லொக்கெற்றுக்கு முன் அதிக கோல்களுக்குரியவராயிருந்தவர் கொலிங்வூட் கழகத்துக் கோர்டன் கவென்றி. 1920 முதல் 1937 வரை 306 ஆட்டங்களில் 1299 கோல் அடித்தவர். ஐந்து முறை வெற்றி அணியில் நின்றவர். சாந்தமானவர் எனப் பெயரெடுத்தவர். 1936இல் இவருக்குக் கழுத்திற் கொப்புளங்கள் இருந்தன. எதிரணியார் ஒருவர் அவ்விடத்திலேயே மீண்டும் மீண்டும் தாக்க, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துத் திருப்பி அடித்தார். இவருக்கும் எட்டு ஆட்டத் தடையே. அவ்வாண்டு கொலிங்வூட் வென்ற இறுதி ஆட்டத்தில் இவர் இல்லை. மனமுடைந்து ஆட்டத்தைத் துறக்க எண்ணியவர், மறு ஆண்டு திரும்பிவந்து, அப்பருவத்தில் எவரிலும் கூடிய கோல்களை அடித்துவிட்டே ஓய்ந்தார். ஏட்டில் 'எட்டு' என இருவருக்கும் ஒரே எண். அவ்வெண்ணைப் பக்கத்திலுள்ள கதையோடு சேர்த்துப் படியாதவன் கவென்றிக்கு அநீதி செய்வான். எண்ணையே நீக்கிவிடுபவன் கேவனுக்கு அநீதி செய்வான்.

1994 முடிவில் லொக்கெற் சென்ற் கில்டாவை விட்டுச் சென்று சேர்ந்த கழகம் எதுவெனில், அதே சிட்னி. கேவனும் 1995இல் அங்கேயே ஆடினார். முகத்தை உடைத்தவரும் உடைக்கப்பட்டவரும் ஒரே நிற மேற்சட்டை அணிந்து ஒரே களத்தில் நின்ற அப்பருவத்தைப் பற்றி நீளமாக எழுதுவார் இல்லை. எமக்கோ அது கோல் கணக்கிலும் சுவையானதாகத் தோன்றுகின்றது. சிட்னி மக்களும் இவரை முன்பு விரும்பியவர் அல்லர். 1993இல் சென்ற் கில்டா அங்கு ஆடவந்த ஒருநாள், இவருடைய 4ஆம் இலக்கத்தை மேலே எழுதிய பன்றியொன்றைச் சிலர் களத்தினுள் அவிழ்த்துவிட்டு இவர் பருமனை எள்ளி நகையாடினர். ஈராண்டு கழித்து அதே மைதானத்தில் இவரைக் காணவே கூட்டம் திரண்டது. சிட்னி றக்பி நகரம். தென் மெல்பேணிலிருந்து 1982இல் அங்கு குடிபெயர்ந்த இக்கழகம் 1992, 1993, 1994 ஆகிய மூன்றாண்டும் கடைசி இடத்தில் இருந்தது. அதன் எழுச்சிக்குப் போல் கெலி எனும் தலைவரும் பிறரும் காரணராயினர். ஆனால் அரங்கை நிரப்பியவர் லொக்கெற் என்பதில் ஐயமில்லை.

1996 செப்ரெம்பர் 21ஆம் நாள் சிட்னிக் கிறிக்கெற் மைதானத்தில் எசென்டன் கழகத்தோடு நிகழ்ந்த ஆட்டத்துக்கு வருவோம். வென்றவர் இறுதி ஆட்டத்துக்குச் செல்வர். தொடையிடுக்கில் தசை நோவு இருக்கவும் லொக்கெற் களம் இறங்கினார். முடிவுக்குச் சில வினாடிகள் இருக்கையில் இரு அணியும் 10.9 (69) எனச் சமமாயிருந்தன. அப்போது கம்பத்திலிருந்து 50 மீற்றருக்கு அப்பால் இவர் பந்தைப் பிடித்தார். பிடித்தவர் பின்வாங்கி நிற்க, ஆட்டம் முடிந்ததென அறிவிக்கும் சங்கு ஊதியது. இனி ஓர் உதை மட்டுமே. நோவுற்ற காலால், அத்தொலைவிலிருந்து, தன்னால் இயன்ற அளவு உதைத்தார். பந்து உயர்ந்த கம்பத்துக்குப் புறத்தே சென்றது. கோல் இல்லை, ஒற்றைப் புள்ளி. சிட்னி 10.10 (70), எசென்டன் 10.9 (69). அக்கழகம் 1945க்குப் பின் முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்குச் சென்றது.

ஆயிரத்து முந்நூற்று அறுபது கோல் அடித்த ஒருவரின் ஆட்ட வாழ்விலே சிட்னி மக்கள் இன்றும் கதைகதையாய்ச் சொல்வது குறி தவறிய இந்த உதையைத்தான். 'அதிட்டம்' என்பார் சிலர். யாம் உடன்படோம். பந்து அவ்வளவு தூரம் சென்றது அதிட்டத்தால் அன்று. தூரம் சென்றமையாலேயே தவறியும் புள்ளி பெற்றது. கோல் விழுந்திருப்பின் ஆறு புள்ளியால் வென்ற ஆட்டமாய் அது ஏட்டிற் கிடந்திருக்கும்.

அடுத்த வாரம் இறுதி ஆட்டத்தில் லொக்கெற் 6 கோல் அடித்தார். நோர்த் மெல்பேண் கழகமோ 43 புள்ளியால் வென்றது. இதன் பின்னும் அவருக்கு வெற்றிக் கொடி கிட்டவில்லை. 'கிண்ணம் வெல்லாதவன் பெரியவனா?' எனக் கேட்போருக்கு இவரைக் காட்டுதல் வழக்கமாயிற்று. இவரோடு சமகாலத்தில் ஆடிய ஹோதோண் கழகத்து ஜேசன் டன்ஸ்ரல் 1254 கோலோடு நான்கு வெற்றி அணிகளில் நின்றார் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். டன்ஸ்ரல் சிறந்த ஆட்டக்காரர். பந்தை இழந்தவுடன் காவலரைத் துரத்துவதில் லொக்கெற்றினும் வல்லவர் எனவே எமக்குப் படுகின்றது. ஆனால் அக்காலத்து ஹோதோண் எத்தகைய அணி, சென்ற் கில்டா எத்தகைய அணி! 1991இல் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் சென்ற் கில்டா கடைசிச் சுற்று ஆட்டங்களுக்குத் தகுதி பெற்று ஜீலோங் கழகத்தை எதிர்த்தபோது, லொக்கெற் தனியொருவராய் 9 கோல் அடித்தும் அணி 7 புள்ளியால் தோற்றது. ஒன்பது கோல் அடித்தவனிடம் பத்தாவதை ஏன் அடிக்கவில்லை எனக் கேட்பது விமரிசனம் ஆகாது. ஓர் அணியின் வெற்றியை ஒருவர் தலையிற் சூட்டுவது எவ்வளவு தவறோ, அதன் தோல்வியை ஒருவர் கணக்கில் எழுதுவதும் அவ்வளவு தவறு.

1999 ஜூன் 6ஆம் நாள், சிட்னியில், கவென்றியின் 1299ஐக் கடந்து லொக்கெற் 1300ஆவது கோலை அடித்தார். எதிரணி கவென்றியின் கொலிங்வூட்டே. அறுபத்திரண்டு ஆண்டு நிலைத்த எண்ணிக்கை அன்று மாறியது. பார்த்திருந்தோர் வேலியைத் தாண்டிக் களத்தை நிறைத்தனர். இவரது 1360ஐ இனி எவரும் கடப்பது அரிது என்பர் அறிந்தோர். காரணம் வெளிப்படை. இக்காலப் பயிற்றுநர் கோல் முகப்பைப் பலரைக் கொண்டு அடைக்கின்றனர். கோல் அடிக்கும் பணியையும் பலருக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். ஒருவரை முகப்பில் நிறுத்தி எல்லாப் பந்தையும் அவருக்கே அனுப்பும் முறை அருகிவிட்டது. 2008இல் லான்ஸ் பிராங்கிளின் 113 கோல் அடித்தபின் வந்த பதினாறு பருவங்களில் எவரும் நூற்றை எட்டவில்லை. அப்பிராங்கிளினும் 354 ஆட்டங்களில் 1066 கோலோடு 2023இல் ஓய்ந்தார்.

ஓய்ந்தபின் லொக்கெற் மேடை தேடியவர் அல்லர். ஆடும் காலத்திலும் பத்திரிகையாளரைக் கண்டால் விலகியே நடந்தார். இதனைச் செருக்கென்றோரும் உண்டு, கூச்சமென்றோரும் உண்டு. பின்னர் நியூ சவுத் வேல்சின் தென்மேட்டு நிலப் பகுதியில் மாடு வளர்த்தலிலும் ஓட்டப் பந்தய நாய்களைப் பேணுதலிலும் காலங்கழித்தார். (கிறிக்கெற் அன்பர்கட்கு ஒரு செய்தி: பிராட்மன் வளர்ந்த பௌரல் ஊரும் அப்பகுதியிலேயே உள்ளது.) 2006இல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டார், 2015இல் அம்மண்டபத்தின் மிக உயர்ந்த நிலைக்கு உயர்த்தப்பட்டார். கேவனின் பெயர் அவ்வமயங்களிலும் பேசப்பட்டது. அது முறையே.

1999 முடிவில் ஓய்வு பெற்றபோது இவர் கணக்கு 1357. மூன்றாண்டு கழித்து, 2002இல், 36ஆம் வயதில் மீண்டும் சிட்னிக்காக மேற்சட்டை அணிந்தார். வேண்டாத வேலை என்றனர் பலர். சென்ற புகழைக் கெடுக்கின்றார் என்றனர். ஆடிய ஆட்டங்கள் மூன்று, அடித்த கோல்களும் மூன்றே. உடல் ஒத்துழையாமை கண்டு தாமே விலகிக்கொண்டார். அம்மூன்று ஆட்டங்களையும் நீக்கி, 1999ஓடு கதையை முடித்தெழுதுவோர் இன்றும் உளர். ஏட்டில் நிற்கும் எண் 1357 அன்று, 1360.